மில் கேம்ப் எக்ஸ்ரேயில் தெரியாத நோய்

பஞ்சு மில்களில் மெடிக்கல் கேம்ப் என்றால் பி.பி., சுகர், நெஞ்சு எக்ஸ்ரே. படம் சுத்தமாக வந்தால் 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நுரையீரலைப் பொறுத்தவரை அந்தக் கையெழுத்தை நம்பவே கூடாது என்பேன். பஞ்சுத் தூசால் வரும் பிஸினோசிஸ் எக்ஸ்ரேயில் தெரியாது. கல் உடைக்கும் தூசு நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் தழும்பு வைக்கும், அது படத்தில் விழும். பஞ்சுத் தூசு செய்வது மூச்சுக்குழாயைச் சுருக்குவது. அதை மூச்சளக்கும் கருவியில் ஊதவைத்துத்தான் அளக்க முடியும்.

எந்த நாளில் ஊதுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லீவு முடிந்து வரும் முதல் ஷிப்டில், வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். ஆரம்பக் கட்டத்தில் மறுநாளே சரியாகிவிடும். ஆண்டுக்கணக்கில் போனால் வாரம் முழுக்க நீடிக்கும், பிறகு லீவு போட்டாலும் மாறாது. மருத்துவப் பாடத்தில் இதற்குத் திங்கட்கிழமை இறுக்கம் என்று பெயர். வார லீவு ஆளுக்கொரு கிழமை விடும் மில்லில் போய் "திங்கட்கிழமை மூச்சு முட்டுதா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். "லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு நெஞ்சைப் பிடிக்குதா?" என்று கேளுங்கள்.

அமெரிக்கா 1978இல் கொண்டுவந்த பஞ்சுத்தூசு விதியில் பரிசோதனை முறை தெளிவாக இருக்கிறது. லீவில் போதிய நேரம் தூசு படாமல் இருந்துவிட்டு வருபவரை ஷிப்டுக்கு முன் ஒருமுறை, ஷிப்ட் தொடங்கி 4 மணி நேரத்துக்குப் பின், 10 மணி நேரத்துக்குள் மறுமுறை ஊதவைக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து ஒருநாள் லீவில் காலை ஷிப்டுக்குத் திரும்பினால் அந்த இடைவெளி தேறாது, கணக்குப் பார்த்து ஆளை எடுக்க வேண்டும். மூச்சை முழுக்க இழுத்து, உதடு இறுக்கி, 6 நொடியாவது விடாமல் ஊதச் சொல்லுங்கள். ஒழுங்கான மூன்று ஊதல் வேண்டும். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று ஷிப்டுக்கு முன் ஊதியதைவிட 5 சதவீதமோ 200 மில்லியோ குறைந்தால், அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

தலையில் வெள்ளையாகப் படியும் பஞ்சு அல்ல முக்கிய எதிரி. பஞ்சோடு வரும் இலைத்துணுக்கு, அதில் ஒட்டிய பாக்டீரியா, அதன் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு, இவையெல்லாம் பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கின்றன. அதனால் நூல் முறுக்கும் ரிங் பிரேமைவிட, பஞ்சைக் கலக்கும் மிக்ஸிங், பிரித்துத் தூசு நீக்கும் ப்ளோ ரூம், சீவி இழையாக்கும் கார்டிங் பகுதிகளில் ஆபத்து அதிகம். கழிவுப்பஞ்சு கையாளும் இடமும் அப்படித்தான். நூற்பு வேலைக்கு அந்த அமெரிக்க விதி வைத்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம்.

கார்டிங் மிஷினை ஏர் அடித்துச் சுத்தம் செய்வதை முதலில் நிறுத்த வேண்டும். கீழே படிந்த தூசை மூச்சு உயரத்துக்குத் தூக்கிவிடுகிற வேலை அது. உறிஞ்சும் மிஷின்தான் சரி. ஃபில்டர் ரூமில் அடைப்பு ஏறினால் மிஷினின் உறிஞ்சும் இழுவை குறையும். ஃபில்டர் துணி கிழிந்திருந்தால் காற்றை ஈரப்படுத்தி அனுப்பும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் அதே தூசை டிபார்ட்மென்ட்டுக்குள் திருப்பி அனுப்பும். வாயில் கட்டும் துண்டு பெரிய பஞ்சைத் தடுக்கும், நுண்தூசைத் தடுக்காது.

நாட்டிலேயே அதிக நூற்பாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் மில் வேலைக்காரர்கள் கையில் இருக்கும் சீட்டுகளில் 'வீசிங்', 'டஸ்ட் அலர்ஜி' என்றே எழுதியிருப்பது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பிஸினோசிஸ் தொழில்நோய், அதாவது வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். சாதாரண நோய் என்றால் ஆண்டுக்கு 91 நாள், 70 சதவீதக் கூலி. தொழில்நோய் என்று உறுதியானால் தற்காலிக ஊனத்துக்கு 90 சதவீதம், நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் பணம்.

மில் ஊர்களில் ஓ.பி. பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வீசிங்' என்று எழுதும்போது பக்கத்திலேயே எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருடம், லீவு முடிந்த முதல் நாளில் கூடுகிறதா என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.