பொதுக் காப்பீட்டில் நிலைத்து நிற்க நினைப்பவர்களுக்கு

ஆயுள் காப்பீடு அல்லாத பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்த இளைஞர்கள் எந்தப் பிரிவைக் கேட்டு வாங்கலாம் என்று விசாரிக்கும்போதெல்லாம் நான் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் கிளெய்ம் பிரிவைத்தான் சொல்கிறேன். பலரும் முகம் சுளிக்கிறார்கள். பிரீமியம் பிடித்துத் தருபவருக்குப் பதவி உயர்வு சீக்கிரம் வருகிறது, கிளெய்ம் பார்ப்பவருக்கோ வாடிக்கையாளரின் வசவும் தணிக்கையாளரின் கேள்வியும்தான் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ஓய்வு பெறும்வரை இத்துறையில் மதிப்போடு இருக்க விரும்புபவருக்கு, முதல் சில ஆண்டுகளைக் கிளெய்ம் கோப்புகளோடு கழிப்பதைவிடச் சிறந்த பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

2007 தொடக்கம்வரை தீக் காப்பீட்டுக்கான பிரீமிய விகிதங்களை டாரிஃப் அட்வைசரி கமிட்டி என்ற சட்டபூர்வ அமைப்பே வகுத்துத் தந்தது. அதிகாரி கையேட்டைப் புரட்டி விகிதத்தை எழுதினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். அந்தக் கட்டுப்பாடு விலகிய பின், ஒரு தொழிற்கூடத்தின் அபாயத்தை எடைபோட்டு விலை சொல்லும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. இழப்பு எப்படி நேர்கிறது என்பதைக் கண்ணால் காணாதவர் அந்த விலையை எதை வைத்துச் சொல்வார்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஈக்காட்டுத்தாங்கல் பகுதியில் நீர் புகுந்த சிறு பட்டறைகளைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். இயந்திரங்களின் மதிப்பு 1 கோடி ரூபாய். வங்கிக் கடன் 60 லட்சம் என்பதால் பாலிசியும் 60 லட்சத்துக்கே எடுக்கப்பட்டிருக்கிறது. சேதம் 20 லட்சம். சொத்தின் மதிப்பில் எத்தனை பங்குக்குப் பாலிசி உண்டோ இழப்பிலும் அத்தனை பங்கே கிடைக்கும் என்கிற ஆவரேஜ் விதிப்படி, மற்றக் கழிவுகளுக்கு முன்பே தொகை 12 லட்சமாகச் சுருங்கிவிடும். “60 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, நான் 20தானே கேட்கிறேன்” என்று உரிமையாளர் கேட்கும்போது எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னவர், அடுத்த புதுப்பித்தலின்போது கடன் தொகையைக் கேட்டுவிட்டு எழுந்து வர மாட்டார். அதே இயந்திரத்தை இன்று வாங்கினால் என்ன விலை என்று கேட்பார். அப்படியே உள்ளே நடந்து, மின் பேனல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மூலப்பொருள் மூட்டைகள் வெறுந்தரையில் கிடக்கின்றனவா, மழைநீர் வெளியேற வழி உண்டா என்றும் பார்ப்பார். அபாய மேலாண்மை என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த நடையில்தான் இருக்கிறது.

2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி, சொத்து மதிப்பு 5 கோடிக்கு உட்பட்ட தொழில்களுக்கு, உண்மை மதிப்பைவிடக் குறைவாகப் பாலிசி எடுக்கும் குறைமதிப்பை 15 சதவீதம்வரை பொறுத்துக்கொள்கிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் மேலே சொன்ன பட்டறையின் குறை 40 சதவீதம்.

இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோஷிப் தேர்வுகளையும் தள்ளிப்போடாமல் எழுதிவிட வேண்டும். குடும்பப் பொறுப்புகள் கூடிய பிறகு புத்தகம் கைக்கு வராது. எனினும் ஃபெல்லோஷிப் முடித்தும் ஒரு தொழிற்சாலையின் வாயிலைத் தாண்டாத அதிகாரிகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இதில் குறை இளைஞர்களுடையது மட்டுமல்ல. பதவி உயர்வு நேர்காணலில் பிரீமிய இலக்கை மட்டும் விசாரிக்கும் நிர்வாகங்கள், இழப்பை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கையை வரிவரியாகப் படித்து, தொகை ஏன் குறைந்தது என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவர் அந்தக் கிளையில் எத்தனை பேர் என்பதையும் விசாரித்து, அதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.