விலைச்சீட்டுக்கு வேறு இடமே இல்லையா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மளிகை வாங்கப் போனாலே எனக்கு எரிச்சல்தான். மசாலாப் பொட்டலத்தில் அவ்வளவு வெற்றிடம் கிடக்கிறது. விலைச்சீட்டை மட்டும் சரியாகக் காலாவதித் தேதியின் மேல் ஒட்டுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் சீட்டோடு தேதியின் மையும் உரிந்துவிடுகிறது, மிஞ்சுவது பசை. "நேற்று வந்த சரக்குதான், அக்கா" என்கிறார் கடைக்காரர். வந்த நாளையா கேட்டேன்? பல பொட்டல உணவுகளில் தேதி இருக்கவேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் சொல்கின்றன. மூடிவைப்பதற்கா அச்சிடுகிறார்கள்?

பக்கத்து ஒட்டுக்கடை இதற்கும் ஒருபடி மேல். சட்டியிலிருந்து எடுத்த வடையை எண்ணெய் சொட்டச் சொட்ட நாளிதழில் சுருட்டித் தருகிறார்கள். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் மை வடையில் ஏறாமல் என்ன செய்யும்? அச்சு மையில் கனிம எண்ணெய்கள் உண்டு. போன வாரம் என் வடையில் யாரோ ஒரு வேட்பாளரின் பாதி மீசை பதிந்திருந்தது. தோட்டத்தில் வாழை இலைக்கா பஞ்சம்? இதில் கொதிக்கும் தேநீரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டு, "கை சுட்டுவிடும், பார்த்துப் பிடியுங்கள்" என்று அக்கறை வேறு!