டெட்ராய்ட் தோற்ற 28 ஆட்டங்களும் அதற்கு நியாயம் சொல்பவர்களும்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் வந்துவிட்டால், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. பார்க்கும் நண்பர்களிடம் ஒரு பல்லவி தொடங்கிவிடும். "இந்த சீசன் போனால் போகட்டும். கடைசி இடத்தில் முடித்தால் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் பெரிய ஆட்டக்காரன் கிடைப்பான். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டால் கோப்பைதான்." வங்கியில் நிரந்தர வைப்பு போட்டுவிட்டு முதிர்வுத் தேதிக்குக் காத்திருப்பவர்களின் நிம்மதி அந்தப் பேச்சில் இருக்கும். இவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: 2023-24 சீசனின் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்.

அந்த சீசனை உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். டெட்ராய்ட்டில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை ஐந்தரை. மார்கழிக் குளிரில் எழுந்து, தோற்கப்போகிறது என்று தெரிந்த அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு ஒரு தனி மனநிலை வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

தொடக்கம் ஒன்றும் மோசமில்லை. மயாமியிடம் ஒரே புள்ளியில் தோல்வி. அடுத்து சார்லட்டையும் சிகாகோவையும் வென்றார்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. அக்டோபர் 30 அன்று ஓக்லஹோமா சிட்டியிடம் தோற்றார்கள். பிறகு நவம்பர் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. டிசம்பரிலும் அதே கதை. ஒரே சீசனில் தொடர்ந்து 26 தோல்வி என்பதுதான் அதுவரை இருந்த மோசமான சாதனை. 2010-11-இல் கிளீவ்லாந்தும் 2013-14-இல் பிலடெல்பியாவும் அதைப் பகிர்ந்துகொண்டிருந்தன. டிசம்பர் 26 அன்று சொந்த அரங்கில் புரூக்ளினிடம் 118-112 என்று தோற்று, டெட்ராய்ட் அந்த இரண்டு அணிகளுக்கும் விடுதலை கொடுத்தது. அன்று கேட் கன்னிங்ஹம் 41 புள்ளிகள் எடுத்தார். 22 வயதுப் பையன் 41 எடுத்தும் அணி தோற்கிறது. அரங்கம் முழுக்க எழுந்த முழக்கமோ "அணியை விற்றுவிடு" என்பது. உரிமையாளர் டாம் கோர்ஸுக்கு அது கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 24 அன்று, அதே நகரத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸ் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்திருந்தது. 2008-இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. டெட்ராய்ட் மக்களுக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர்களே பொறுமை இழந்து கத்தினார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

எனக்கு வலித்தது அதற்கு அடுத்த ஆட்டம். டிசம்பர் 28, பாஸ்டனில். அந்த சீசனில் சொந்த அரங்கில் அதுவரை தோற்காத அணி பாஸ்டன். பின்னர் கோப்பையையும் அதுதான் வென்றது. அவர்களுக்கு எதிராகப் பாதி ஆட்டம் முடிந்தபோது டெட்ராய்ட் 19 புள்ளிகள் முன்னிலை. எழுந்து நின்றுவிட்டேன். பாஸ்டன் துரத்திப் பிடித்துக் கூடுதல் நேரத்தில் 128-122 என்று முடித்தது. 28-ஆவது தொடர் தோல்வி. இரண்டு சீசன்களைச் சேர்த்துப் பிலடெல்பியா வைத்திருந்த 28-ஐயும் தொட்டாயிற்று. டிசம்பர் 30 அன்று டொராண்டோவை 129-127 என்று வென்றபோதுதான் சங்கிலி அறுந்தது. அதிலும் ஒரு சங்கடம்: அன்றைக்குத்தான் டொராண்டோ தன் முக்கிய வீரர் ஓ.ஜி. அனுனோபியை நியூயார்க்குக்கு மாற்றியிருந்தது. எதிரணி ஆள் குறைந்து வந்த நாளில், இரண்டே புள்ளியில், மூன்றாவது வெற்றி. சீசன் முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. 1979-80-இன் 16-66-ஐயும் தாண்டி, அணியின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு.

இதை வேண்டுமென்றே தோற்ற சீசன் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். அபத்தம். அந்தக் கோடையில்தான் மான்ட்டி வில்லியம்ஸை ஆறு ஆண்டுக்கு 7.85 கோடி டாலர் கொடுத்துப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அப்போது என்.பி.ஏ. வரலாற்றிலேயே ஒரு பயிற்சியாளருக்குக் கிடைத்த மிகப் பெரிய ஒப்பந்தம் அது. 2022-இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியவர். தோற்பதற்கு யாரும் இவ்வளவு செலவு செய்வதில்லை. ஜெயிக்கத்தான் நினைத்தார்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் "மறுகட்டமைப்பு" என்ற பெயரில் தோற்றுத் தோற்றுச் சேர்த்த இளைஞர் கூட்டத்தை வைத்துக்கொண்டு, இனி ஜெயிக்கலாம் என்று பொத்தானை அழுத்தினார்கள். பொத்தான் வேலை செய்யவில்லை.

ஏன் என்பது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பத்தே நிமிடத்தில் புரிந்திருக்கும். தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி; அப்படி எறிய ஆள் இல்லை. அவுசார் தாம்சன் அபாரமான தடுப்பாட்டக்காரர், ஆனால் முதல் சீசனில் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 18.6 விழுக்காடுதான். கில்லியன் ஹேஸும் எறிவதில் நம்பகமானவர் இல்லை. எறியத் தெரியாதவனைக் காவல் காக்க எதிரணிக்கு அவசியம் இல்லை; அவனை விட்டுவிட்டு மூன்று பேர் கூடைக்கடியில் கூடிவிடுவார்கள். கன்னிங்ஹம் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தார். எறியத் தெரிந்த மூத்தவர்களில் முக்கியமானவரான போயான் போக்டானோவிச் காயத்தால் முதல் சில வாரங்கள் ஆடவே இல்லை.

வில்லியம்ஸ் தன் பங்குக்கு நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். முந்தைய ஆண்டு அறிமுக சீசனிலேயே ஆட்டத்துக்கு 16 புள்ளிகள் எடுத்த ஜேடன் ஐவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஹேஸைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அந்த ஹேஸை அடுத்த பிப்ரவரியில் அணியே விடுவித்துவிட்டது. தொடக்க ஐவரை மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு ஐந்து மாற்று வீரர்களை ஒரே நேரத்தில் ஆடவிடும் பழக்கமும் அவருக்கு இருந்தது. கஷ்டப்பட்டுச் சமன் செய்த ஆட்டம் அந்தச் சில நிமிடங்களில் கைவிட்டுப் போவதை எத்தனை முறை பார்ப்பது?

சரி, தோற்றதற்குப் பரிசு கிடைத்ததா? இங்கேதான் நம் நண்பர்களின் கணக்கு உடைகிறது.

கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். முதல் நான்கு இடங்கள் குலுக்கலில் முடிவாகும். முன்பு கடைசி அணிக்கு முதலிடம் கிடைக்க 25 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 விழுக்காடுதான். கடைசி அணி ஐந்தாம் இடத்துக்குச் சரிவதற்கான வாய்ப்போ 47.9 விழுக்காடு, கிட்டத்தட்டப் பாதி. 2023-இல் டெட்ராய்ட் 17-65 என்று கடைசி. எல்லா அணிகளும் கனவு கண்ட பிரெஞ்சு இளைஞர் விக்டர் வெம்பன்யாமா வரவிருந்த ஆண்டு. கிடைத்தது ஐந்தாம் இடம். 2024-இல் 14-68, மறுபடி கடைசி, மறுபடி ஐந்தாம் இடம். வெறும் 3 விழுக்காடு வாய்ப்பு வைத்திருந்த அட்லாண்டா முதலிடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. 2025-இல் யூட்டா ஜாஸ் 17-65 என்று கடைசி. நல்ல வீரனை வெளியே உட்காரவைத்ததற்காக அந்த சீசனில் ஒரு லட்சம் டாலர் அபராதமும் கட்டியிருந்தார்கள். கிடைத்தது ஐந்தாம் இடம். 1.8 விழுக்காட்டுடன் டல்லாஸ் முதலிடம். 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்கள் நடந்தன. கடைசி இடத்தில் முடித்த அணி ஒரு முறைகூட முதலிடம் பெறவில்லை.

இப்போது அடுத்த அத்தியாயத்துக்கு வருகிறேன். 2024 கோடையில் டெட்ராய்ட் நிர்வாகத்தை மாற்றியது. டிரேஜன் லாங்டன் தலைமைக்கு வந்தார். வில்லியம்ஸை ஒரே சீசனோடு அனுப்பினார்கள். மீதமிருந்த ஐந்து ஆண்டுகளுக்கு அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 6.5 கோடி டாலருக்கு மேல். ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் பயிற்சியாளரானார். டோபையஸ் ஹாரிஸை இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். டிம் ஹார்டவே ஜூனியரை டல்லாஸ் கொடுத்தது, கூடவே சில டிராஃப்ட் உரிமைகளையும் சேர்த்து; பதிலுக்குக் குவென்டின் கிரைம்ஸை வாங்கிக்கொண்டது. மாலிக் பீஸ்லி ஒரே ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு வந்தார், என்.பி.ஏ. சந்தையில் அது சில்லறை. மூவருமே பெரிய நட்சத்திரங்கள் இல்லை. மூவருக்கும் தூரத்திலிருந்து எறியத் தெரியும், அவ்வளவுதான். பீஸ்லி அந்த ஆண்டு 319 மூன்று புள்ளிகள் போட்டு அணியின் சாதனையையே மாற்றினார்.

அணி 44 ஆட்டங்களில் வென்றது. 14-லிருந்து 44. முழு 82 ஆட்ட சீசனில் முந்தைய ஆண்டின் வெற்றியை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கிய முதல் அணி. கன்னிங்ஹம், டியூரன், தாம்சன், ஸ்டூவர்ட் எல்லாரும் அதே பழைய ஆட்கள். ஐவி ஜனவரி முதல் நாளே காலை முறித்துக்கொண்டு வெளியேறியிருந்தார். அவர் இல்லாமலேயே இது நடந்தது. கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபில் நியூயார்க்கின் அரங்கிலேயே இரண்டாவது ஆட்டத்தை வென்று, அந்தச் சுற்றுகளில் 2008-இலிருந்து நீண்ட 15 ஆட்டத் தொடர் தோல்வியை முடித்தார்கள். ஆறாவது ஆட்டத்தோடு தொடரில் தோற்று வெளியேறினார்கள். கடைசி ஆட்டம்கூட மூன்று புள்ளி வித்தியாசம்தான்.

அப்படியானால் அந்த 28 ஆட்டங்கள் எதற்காக? அந்தப் பையன்களுக்குத் திறமை இருந்தது. பக்கத்தில் நிற்க நாலு சரியான ஆட்கள் இல்லை. அதை ஒரு கோடையில், ஓரளவு பணத்தில் சரிசெய்ய முடிந்தது என்றால், முந்தைய கோடையிலும் முடிந்திருக்கும். அலுவலகத்தில் செய்யாத வேலைக்கு மைதானத்தில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள்.

இந்த அணியின் பழைய வரலாற்றைப் பார்த்தாலே போதும். 2004 இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்திய ஐவர் யார் யார்? பென் வாலஸை டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவே இல்லை. சான்சி பில்லப்ஸ் பல அணிகள் சுற்றிவிட்டு வந்தவர். ரிச்சர்ட் ஹாமில்டனும் ரஷீத் வாலஸும் பரிமாற்றத்தில் வந்தவர்கள். டேஷான் பிரின்ஸ் 23-ஆவது தேர்வு. அதே காலத்தில் டெட்ராய்ட்டிடம் 2003 டிராஃப்டின் இரண்டாவது தேர்வும் இருந்தது. கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரும் காத்திருக்க, டார்கோ மிலிச்சிச்சை எடுத்தார்கள்! அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, யாரும் வேண்டாமென்று விட்டவர்கள் கோப்பை வாங்கினார்கள். கோப்பை வென்ற 1989, 1990 அணிக்கு ஐசையா தாமஸ் இரண்டாவது தேர்வாக வந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஜோ டூமார்ஸ் 18-ஆவது தேர்வு, டென்னிஸ் ராட்மேன் 27-ஆவது, பில் லேம்பியர் கிளீவ்லாந்திலிருந்து பரிமாற்றம்.

"ஓக்லஹோமா சிட்டி தோற்றுத்தானே 2025 கோப்பையை வாங்கியது?" என்று கேட்பீர்கள். செட் ஹோல்ம்கிரன் தோல்வியால் வந்தவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் பால் ஜார்ஜைக் கொடுத்து வாங்கப்பட்டவர். ஜேலன் வில்லியம்ஸை எடுத்த 12-ஆவது தேர்வும் அதே பரிமாற்றத்தில் வந்ததுதான். அது பேரம் பேசத் தெரிந்தவர்களின் வெற்றி. தோற்பதையே கொள்கையாக வைத்திருந்த பிலடெல்பியாவைப் பாருங்கள்: 19, 18, 10 என்று மூன்று சீசன் வெற்றிகள். எம்பீட் என்ற மாபெரும் வீரரும் கிடைத்தார். அதற்குப் பிறகு 2025 வரை இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை.

தோற்பதில் உரிமையாளருக்கு என்ன நட்டம் என்று யோசித்தால் எரிச்சல்தான் வரும். ஐரோப்பியக் கால்பந்தைப் போல் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் இங்கே இல்லை. 2024-இல் கையெழுத்தான தொலைக்காட்சி ஒப்பந்தம் 11 ஆண்டுக்கு 7,600 கோடி டாலர். 14 வெற்றி பெற்றாலும் 64 வெற்றி பெற்றாலும் தேசிய ஒளிபரப்புப் பணத்தில் பங்கு ஒன்றுதான். கோர்ஸ் 2011-இல் சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கிய அணி இன்று பல மடங்கு மதிப்பு. அவர் வாங்கியதிலிருந்து 2024 வரை இரண்டே முறை பிளேஆஃப், இரண்டிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. டிக்கெட் வாங்கிப் பனியில் வந்த ரசிகன்தான் முழு விலையையும் கொடுத்தான்.

என்னைக் கேட்டால், தொடர்ந்து இரண்டு ஆண்டு கடைசி மூன்று இடங்களுக்குள் முடிக்கும் அணியை மூன்றாவது ஆண்டு குலுக்கலிலேயே சேர்க்கக் கூடாது. பத்தாம் இடத்தில் போய்த் தேர்வு செய்யட்டும். அப்போது பீஸ்லி போன்றவர்களுக்கு 60 லட்சம் டாலர் கொடுக்க எல்லா அணிகளுக்கும் திடீரென்று மனம் வரும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். லெப்ரான் ஜேம்ஸை டிராஃப்டில் பெற்ற கிளீவ்லாந்தை மட்டும் இழுக்காதீர்கள். அது 2003, அன்றைய குலுக்கல் விதி வேறு. அந்த லெப்ரானும் கிளீவ்லாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது 2016-இல், நடுவில் மயாமிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த பிறகு.