கே2 வைட்டமினும் வார்ஃபரினும்: ஒரு சின்னத் திருத்தம்
"கே1 தான் ரத்தத்தை உறைய வைக்கும், கே2 எலும்புக்கு மட்டுமே போகும், வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்களும் தாராளமாக எடுக்கலாம்" என்று மேலே ஒரு கருத்து இருக்கிறது. நல்லெண்ணத்தில் எழுதியதுதான், ஆனால் சரியில்லை.

கல்லீரலில் உருவாகும் 2, 7, 9, 10 ஆகிய உறைகாரணிகளுக்கு (ரத்தம் உறைய உதவும் புரதங்கள்) வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே மறுபடி பயனுக்கு வராமல் தடுப்பதுதான் வார்ஃபரினின் வேலை. கே2 உள்ளே வந்தாலும் அந்தத் தடை தளரும். அதிலும் கே2-வின் எம்கே-7 வகை ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும். சிலருக்கு தினம் 10 மைக்ரோகிராமே ஐஎன்ஆர் அளவைக் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை அளவு; குறைந்தால் ரத்தம் எளிதில் உறையும்) குறைத்திருக்கிறது. கே2 மாத்திரைகளிலோ 90, 100 மைக்ரோகிராம் என்று இருப்பது சாதாரணம்.

என்னை நம்ப வேண்டாம். வார்ஃபரின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து, வைட்டமின் கே பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பொடி எழுத்துதான், கண்ணாடி தேவைப்படும். அப்படியே உங்கள் கால்சியம்-டி3 டப்பாவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். "மெனாகுவினோன்" என்று இருந்தால் அது கே2 தான்.

ஏற்கெனவே கே2 எடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், ஐஎன்ஆர் மேலே ஏறி ரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் சொல்லி, ஐஎன்ஆர் பரிசோதனையோடு முடிவு செய்யுங்கள்.