தமிழில் படித்த கணக்கியலையும் கொண்டுபோங்கள்

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பட்டம் முடித்துவிட்டு, இந்த செப்டம்பரில் எம்பிஏ படிக்க இங்கிலாந்து போகிற தம்பி தங்கச்சிமார் சிலர் இன்பாக்ஸில் வந்து, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் 6.5 எடுத்தாச்சு அண்ணா, இனி வகுப்பைச் சமாளிக்கலாம்தானே என்று கேட்கிறார்கள். அது வேறு, இது வேறு. அந்தப் பரீட்சையில் பேச்சுக்கு 11 முதல் 14 நிமிடம், எதிரில் ஒரே ஒருவர், அவர் கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்குக் காத்திருப்பார். ஒரு கம்பனியின் பிரச்சினையை (அதைத்தான் கேஸ் என்பார்கள்) முதலே படித்துக்கொண்டு வந்து எல்லோருமாக விவாதிக்கிற கேஸ் வகுப்பில் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

நான் அங்கே எம்பிஏ படிக்கப் போன முதல் மாதமே எனக்கு இது நடந்தது. நட்டம் காட்டியிருக்கிற கம்பனியின் வங்கிக் கணக்கில் எப்படிக் காசு கூடியிருக்கிறது என்று விரிவுரையாளர் கேட்டார். பெறுமானத் தேய்வு! இயந்திரம், வாகனம் பழசாகிப் பெறுமதி குறைவதைச் செலவாக எழுதுவது, காசாக வெளியே போகாத செலவு. மட்டக்களப்பில் ஏஎல் ரியூசன் கொட்டிலில் இருந்து படித்தது, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் வசனத்தை எந்தக் காலத்தில் தொடங்குவது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் இருந்த சீனப் பெடியன் இலக்கணம் ஒன்றும் பார்க்காமல் நாலு சொல்லில் சொல்லிவிட்டான், விரிவுரையாளர் அதைப் பலகையில் எழுதி அதிலிருந்தே மிச்ச வகுப்பையும் கொண்டுபோனார். பேசுவதற்கும் அங்கே புள்ளி உண்டு. பேசாமல் இருந்தால் தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பயம் எனக்கு இங்கிலாந்தில் வந்ததல்ல, இங்கே ஊரில் படிக்கும்போதே வந்தது. ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிழையாக உச்சரித்தால் வகுப்பே சிரிக்கும், ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். தயவுசெய்து பிள்ளைகளைப் பார்த்து அப்படிச் சிரிக்காதீர்கள், அது இருபது வருடம் போனாலும் தொண்டையில் நிற்கிறது.

அப்புறம், "இங்கிலீஷிலேயே யோசி" என்கிற ஆலோசனை. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நான் ஒரு சீஆர் கொப்பி எடுத்து, இடப்பக்கம் ஐந்தொகை, கடன்பட்டோர், பரீட்சை மீதி என்று எனக்குத் தெரிந்த கணக்கியல் சொல்லையும் வலப்பக்கம் அதன் ஆங்கிலத்தையும் எழுதி வைத்தேன். கேஸைத் தமிழிலேயே யோசித்து, சொல்லப்போகிற முதல் வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய், முதல் பத்து நிமிடத்துக்குள் கையைத் தூக்கிவிடுவேன். நேரம் போகப் போகத் தூக்க வராது. சில கிழமைகளில் நான் சொன்னதும் பலகையில் ஏறியது.

சரி, போக முதலே பழகலாம். சனிக்கிழமை பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்கு ஆளுக்கொரு கேஸ் படித்துக்கொண்டு வாருங்கள், பிழைபிழையாகவே பேசிப் பார்ப்போம். கொப்பியை நான் கொண்டுவருகிறேன்.