பிறந்தநாள்காரன் பில் கட்ட வேண்டாம்

வெளிநாட்டில் இருக்கும் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிப் பசங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த ட்ரீட் வழக்கத்தை விட்டுடுங்க. பிறந்தநாள் யாருக்கோ அவரே எல்லாருக்கும் வாங்கித் தரணும் என்பது ஊரில் சரி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாலு பேருக்குப் பரோட்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது.

ஓரளவு நல்ல உணவகமாகப் போனால் மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சாப்பிட்டால் பில் 119 வெள்ளி 90 காசு. ஐடியில் இருக்கிற என் மாதிரி ஆளுக்கு அது பெரிசில்லை. ஒர்க் பெர்மிட்டில் வந்து கட்டட வேலை பார்க்கிற தம்பிக்கு, கூட்டமாகப் போனால் பல நாள் சம்பளம் அதிலேயே போய்விடும். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் வேறு ஊரில் வட்டியோடு நிற்கும்.

அதனால் பிறந்தநாளையே மறைக்கிறார்கள். எங்கள் பாலக்கோட்டுத் தம்பிக்குப் பிறந்தநாள் என்று தெரிந்ததே அவன் அம்மாவால்தான். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்து, தட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டார். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "அடுத்த மாசம் கண்டிப்பா வாங்கித் தர்றேண்ணா" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த ஞாயிறே சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். விடியுமுன் கட்டிக் கொடுக்கிற கேட்டரிங் பொட்டலத்தை மத்தியானம் சில்லிட்டுப் போன பிறகு சாப்பிடுகிற பையன் அவன். இலை போட்டு ஆவி பறக்கச் சோறு விழுந்ததும், குழம்புக்குக்கூடக் காத்திராமல் வெறும் சோற்றை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். காவேரிப்பட்டணத்து நண்பர் லீவில் போய்க் கொண்டுவந்த நிப்பட் (நம்ம ஊர்த் தட்டை) பாக்கெட்டைப் பிரித்து நடுவில் வைத்தார். மணி இரவு எட்டு, ஊரில் ஐந்தரை. வீடியோ காலில் வந்த அம்மா, "மொதல்ல எலையக் காட்டு சாமி" என்றார்.

2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இங்கே வந்து நாங்கள் மறுபடி ஒரே மாவட்டமாகிவிட்டோம். ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்க மாட்டோம்.

இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. பிறந்தநாள்காரர் காசு எடுக்கக் கூடாது. கூடச் சம்பாதிக்கிறவர் கூடப் போடுவார். யார் எவ்வளவு போட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதில்லை. இது ரொம்ப முக்கியம், எழுதினால் அடுத்த வாரம் நாலு பேர் வரமாட்டார்கள். முகத்தில் கேக் பூசுவதும் கிடையாது. சாப்பிடுகிற பொருளை அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்காது. அந்த மேசையைத் துடைக்கப் போகிறவரும் நம்மைப்போல் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான்.

படங்களைப் பார்த்துவிட்டு "அங்க ஜாலியா ஹோட்டல் ஹோட்டலாச் சுத்துறானுங்க" என்று ஊரில் பேசுகிறவர்கள் பேசட்டும். கல்யாணம், திருவிழா, சாவு எதற்கும் வர முடியாதவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் நாலு பேர் கூட உட்கார்ந்து சாப்பிடுவது ஆடம்பரம் இல்லை.

அடுத்து ஊத்தங்கரை அண்ணன் ஒருத்தருக்கு வருகிறது. அவரும் வாயைத் திறக்கவில்லை. மேசை சொல்லி வைத்தாச்சு.