உதவியவர்களின் பெயர் மறைக்கப்பட்டதா? ஒரு திருத்தம்

அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோவின் 'தி டின்னர் பார்ட்டி' (பெண்களைப் போற்றும், விருந்து மேசை வடிவிலான பெரிய கலைப்படைப்பு) பலரது உழைப்பில் உருவாகியும், அவர் தம் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு மற்றவர்களை மறைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

1974 முதல் 1979 வரை நீண்ட அந்தப் பணியில் நூற்றுக்கணக்கானோர் பங்கேற்றார்கள் என்பது சரி. பீங்கான் தட்டுகள், பூத்தையல் விரிப்புகள், ஆய்வு எதுவும் ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலை அல்ல. ஆனால் பெயர்கள் மறைக்கப்படவில்லை. பணிக்குழுவினரின் பெயர்களைத் தாங்கிய நன்றிப் பலகைகள் அந்தப் படைப்பின் ஒரு பகுதியாகவே செய்யப்பட்டன. (படைப்பின் தரை ஓடுகளில் உள்ள 999 பெயர்கள் வேறு; அவை ஏறக்குறைய எல்லாமே புராண, வரலாற்றுப் பெண்களுடையவை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)

வடிவமைப்பிலும் இறுதி முடிவுகளிலும் சிகாகோவின் சொல்லே செல்லுபடியானது. 1970-இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ கல்லூரியில் பெண் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் தம் அனுபவத்தைப் பேசச்சொல்லி, அதிலிருந்து கலையை உருவாக்கப் பழக்கிய ஆசிரியரான அவரே, தம் பட்டறையில் இப்படி அதிகாரம் செலுத்தலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். எனக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அது பெயர் மறைப்புக் குற்றச்சாட்டு ஆகாது.

சரிபார்க்க விரும்புவோர் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தின் இணையதளத்துக்குச் செல்லலாம். 2007 முதல் படைப்பு அங்கேதான் நிரந்தரமாக இருக்கிறது. அதன் பகுதிகளை விளக்கும் பக்கங்களில் நன்றிப் பலகைகளைப் பற்றிய குறிப்பும் உண்டு.